காசநோய்: சளிப் பரிசோதனை எவ்வாறு செய்யப்படுகிறது, முடிவு எதைக் கூறுகிறது?

விருதுநகர் மாவட்டத்தில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்துள்ள இருக்கன்குடியிலும், அதனைச் சூழ்ந்த சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை பகுதிகளிலும் பட்டாசு ஆலைகள், தீப்பெட்டி ஆலைகள், அச்சகங்கள் ஆகியவற்றை நம்பி வாழும் குடும்பங்கள் மிகுதி. இத்தொழில்களில் இருப்பவர்களுக்கு இருமல் வந்தால், "மருந்துத் தூசியால் வந்தது, தானாகவே சரியாகிவிடும்" என்று எண்ணி நாள்களைக் கடத்துவது வழக்கம். அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு, கரித்தூள் ஆகியவை மூச்சுக்குழாயை உறுத்தி இருமலை உண்டாக்கும் என்பது உண்மையே. எனினும், தூசியால் வரும் இருமலையும் காசநோயால் வரும் இருமலையும் ஓசையைக் கேட்டோ, சளியின் நிறத்தைப் பார்த்தோ பிரித்தறிய இயலாது. ஆய்வகப் பரிசோதனையே அதனைப் பிரித்துக் காட்டும்.

அந்தப் பரிசோதனை நீங்கள் கொடுக்கும் சளியிலிருந்து தொடங்குகிறது. மாதிரி சரியாக இல்லையெனில், எவ்வளவு நவீனமான கருவியாலும் சரியான விடையைத் தர முடியாது. எனவே, சளியை எவ்வாறு கொடுக்க வேண்டும், ஆய்வகத்தில் அது என்னவாகிறது, அறிக்கையில் உள்ள சொற்களின் பொருள் என்ன என்பவற்றை நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிந்திருப்பது அவசியம்.

யார் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்?

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.

• இரண்டு வாரங்கள் அல்லது அதற்கு மேல் நீடிக்கும் இருமல்
• மாலை வேளைகளில் கூடும் காய்ச்சல்
• காரணமின்றி உடல் எடை குறைதல், பசியின்மை
• இரவில் மிகுதியாக வியர்த்தல்
• சளியில் இரத்தம் கலந்து வருதல்

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் உறுதியாகியிருந்தால், உடன் வசிப்பவர்கள் அனைவரும் பரிசோதிக்கப்பட வேண்டும். நீரிழிவு நோயாளிகள், எச்ஐவி தொற்று உள்ளவர்கள், கல்குவாரியிலும் கல் உடைக்கும் ஆலையிலும் பல்லாண்டு பணியாற்றியவர்கள் ஆகியோர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். கல்தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலின் எதிர்ப்பாற்றலைக் குறைத்துக் காசநோய்க்கு இடமளிக்கிறது.

சளியை எவ்வாறு கொடுக்க வேண்டும்?

பொதுவாக இரண்டு மாதிரிகள் கேட்கப்படும். ஒன்று, சுகாதார நிலையத்துக்குச் சென்ற அன்று அங்கேயே கொடுப்பது. மற்றொன்று, மறுநாள் காலை எழுந்தவுடன் வீட்டில் எடுப்பது. இரவு முழுவதும் நுரையீரலில் தேங்கிய சளி காலையில் வெளிவருவதால், அதில் கிருமிகள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

1. வெறும் தண்ணீரால் வாயை நன்றாகக் கொப்பளிக்கவும். உணவுத் துணுக்கு, வெற்றிலை, புகையிலை ஆகியவை மாதிரியில் கலக்கக் கூடாது.
2. மூடிய அறைக்குள் சளி எடுக்க வேண்டாம். திறந்த வெளியில், காற்றோட்டமும் வெயிலும் உள்ள இடத்தில், பிறரிடமிருந்து விலகி நின்று எடுக்கவும்.
3. இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக உள்ளிழுத்து, சிறிது நேரம் நிறுத்தி, பின்னர் நெஞ்சிலிருந்து பலமாக இருமவும்.
4. வெளிவரும் சளியை, கொடுக்கப்பட்ட குப்பியின் உள்ளே மட்டும் விழுமாறு சேகரிக்கவும். ஒரு தேக்கரண்டி அளவு சளி இருத்தல் நன்று.
5. மூடியை இறுகத் திருகவும். பெயர், நாள் ஆகியவை குப்பியின் உடற்பகுதியில் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்க்கவும். மூடியில் எழுதினால், மூடிகள் மாறும்போது பெயரும் மாறிவிடும்.
6. சோப்பால் கைகளைக் கழுவவும்.

நெஞ்சிலிருந்து வரும் சளி கெட்டியாகவும், வழவழப்பாகவும் இருக்கும். வாயில் ஊறும் எச்சில் தண்ணீர் போல் தெளிவாக, நுரையுடன் இருக்கும். எச்சிலைக் கொடுத்துவிட்டு "நோய் இல்லை" என்ற அறிக்கை பெறுவது ஆபத்தானது. நோய் இருந்தும் அது மறைந்துவிடுகிறது, சிகிச்சை தள்ளிப்போகிறது, வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்று பரவுகிறது. போதிய சளி வரவில்லையெனில், ஆய்வக நுட்புநரிடம் தயங்காமல் கூறுங்கள்.

காலையில் எடுத்த மாதிரியை அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். நம் பகுதியின் வெயிலில் குப்பியை நெடுநேரம் வைத்திருந்தால், சளியில் உள்ள பிற பாக்டீரியாக்கள் விரைவாகப் பெருகிக் காசநோய்க் கிருமியை மூழ்கடித்துவிடும். வேலைக்குச் செல்லாவிட்டால் கூலி இழக்கும் நிலையில் உள்ளவர்கள், காலை மாதிரியைக் குடும்பத்தினர் ஒருவர் வழியாகக் கொடுத்தனுப்பலாம். நோயாளி நேரில் வரத் தேவையில்லை.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரைகளை உட்கொண்ட பின்னர் சளி கொடுப்பதைத் தவிர்க்கவும். அவற்றுள் சில, காசநோய்க் கிருமியைக் கொல்லாமல் தற்காலிகமாக அடக்கிவைத்துப் பரிசோதனையைத் தவறாக்கக் கூடும். ஏற்கெனவே உட்கொண்டிருந்தால், மருத்துவரிடம் அதனைத் தெரிவிக்கவும்.

ஆய்வகத்தில் சளி என்னவாகிறது?

ஒரே சளியைக் கொண்டு மூன்று வெவ்வேறு வினாக்களுக்கு ஆய்வகம் விடை தேடுகிறது. கிருமி கண்ணுக்குத் தெரிகிறதா? கிருமியின் மரபணு இருக்கிறதா? கிருமி உயிருடன் வளர்கிறதா? இவற்றுக்கு மூன்று தனித்தனி முறைகள் உள்ளன.

1. நுண்ணோக்கிப் பரிசோதனை

காசநோய்க் கிருமியை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். அந்த நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இக்கிருமியின் மேலுறை மெழுகுத் தன்மை உடையது. எனவே, சாதாரணச் சாயம் அதில் எளிதில் ஏறாது. ஏறிய சாயமும் எளிதில் நீங்காது. இந்தப் பண்பையே ஆய்வகம் பயன்படுத்திக்கொள்கிறது.

கண்ணாடித் தகட்டில் சளியை மெல்லியதாகப் பரப்பி, உலர்த்தி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடேற்றுவர். பின்னர் அமிலத்தால் கழுவுவர். பிற கிருமிகளிடமிருந்து சிவப்பு நீங்கிவிடும். காசநோய்க் கிருமி மட்டும் அதனை விடாது. அதன்மேல் நீலச் சாயம் இடும்போது, நீலப் பின்னணியில் சிறு சிவப்புக் கோல்களாகக் கிருமிகள் தெரியும். வேறொரு சாயத்தைப் பயன்படுத்தி, இருண்ட பின்னணியில் கிருமிகள் ஒளிருமாறு காணும் நுண்ணோக்கிகளும் உள்ளன.

இம்முறை எளியது, செலவு குறைந்தது, ஒரே நாளில் முடிவு தருவது. ஆயினும் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அவை கண்ணுக்குப் புலப்படும். நோயின் தொடக்க நிலையிலும், குழந்தைகளிடமும், எச்ஐவி தொற்று உள்ளவர்களிடமும் கிருமிகள் இதைவிடக் குறைவாக இருக்கலாம்.

2. மரபணுப் பரிசோதனை

இந்தக் குறையை நீக்குவதே சிபிநாட், ட்ரூநாட் எனப்படும் பரிசோதனைகள். கிருமியின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் கருவி திரும்பத் திரும்பப் படியெடுத்துப் பெருக்குகிறது. அப்பகுதி மாதிரியில் இருந்தால், அதன் எண்ணிக்கை பன்மடங்காகிக் கருவிக்குப் புலப்படும். இல்லையெனில் எதுவும் பெருகாது. ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ நூற்றுச் சொச்சம் கிருமிகள் இருந்தாலும் இம்முறை கண்டறிந்துவிடும். கருவியில் மாதிரியை வைத்த பின்னர் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவு கிடைக்கும். ட்ரூநாட் இந்தியாவில் உருவாக்கப்பட்டது. மின்கலத்தால் இயங்கக் கூடியது.

இப்பரிசோதனைகள் இன்னொன்றையும் கூறும். காசநோய்க்கான முதன்மை மருந்துகளுள் ஒன்றான ரிஃபாம்பிசின் இக்கிருமியைக் கொல்லுமா, அல்லது கிருமி அதற்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டதா என்பதை மரபணு மாற்றத்தைக் கொண்டு காட்டிவிடும். தொடக்கத்திலேயே சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க இது உதவும். இக்காரணங்களால், தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் மரபணுப் பரிசோதனையே முதற்பரிசோதனையாகப் பரிந்துரைக்கப்படுகிறது. எனவே, நுண்ணோக்கிப் பரிசோதனை மட்டும் செய்யப்பட்டிருந்தால், மரபணுப் பரிசோதனையும் செய்ய இயலுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

3. வளர்ப்புச் சோதனை

கல்ச்சர் என்று அழைக்கப்படும் இம்முறையில், கிருமிக்கு ஏற்ற உணவூட்டத்தில் சளியை இட்டு, உடலின் வெப்பநிலையான 37 டிகிரி செல்சியஸில் வைத்து வளர்க்கின்றனர். அதற்கு முன்னர், விரைந்து வளரும் பிற பாக்டீரியாக்களைக் கொல்லும் வேதிப்பொருள் சளியில் சேர்க்கப்படும். ஒரு மில்லிலிட்டரில் 10 முதல் 100 கிருமிகள் இருந்தாலும் இம்முறையில் வளர்ந்துவிடும். உயிருள்ள கிருமி இருக்கிறதா என்பதை உறுதியாகக் கூறுவது இப்பரிசோதனையே. வளர்ந்த கிருமியின்மேல் பல்வேறு மருந்துகளைச் செலுத்தி, எந்த மருந்து பயன் தரும் என்றும் அறியலாம்.

இதன் முடிவுக்கு நீங்கள் பொறுமையுடன் காத்திருக்க வேண்டும். குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் தகுந்த சூழலில் 20 நிமிடங்களில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமியோ ஒருமுறை இரண்டாவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். ஆகவே, நீர்ம ஊட்டத்தில் 6 வாரங்கள் வரையும், திட ஊட்டத்தில் 8 வாரங்கள் வரையும் பார்த்த பின்னரே "வளரவில்லை" என்று கூற முடியும். முடிவு தாமதமாவதற்குக் கிருமியின் இயல்பே காரணம். அதுவரை மருத்துவர் தொடங்கிய சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

இரத்தப் பரிசோதனையில் காசநோயைக் கண்டறியலாகாதா?

"சளி எடுப்பது சிரமமாக உள்ளது, இரத்தத்தைப் பரிசோதித்துச் சொல்லக் கூடாதா?" என்று பலர் கேட்கின்றனர். இதற்கு விடை காண, நம் உடலின் நோய் எதிர்ப்பாற்றல் செயல்படும் விதத்தைச் சிறிது அறிய வேண்டும்.

ஒரு கிருமி உடலில் நுழைந்தால், அதனை எதிர்க்கும் புரதங்களை உடல் உண்டாக்குகிறது. இவை எதிர்ப்பொருள்கள் அல்லது ஆன்டிபாடிகள் எனப்படும். எச்ஐவி தொற்றில், இந்த எதிர்ப்பொருளைக் கண்டறிவது நம்பத்தகுந்த முறையாகும். காசநோயில் நிலை வேறு. நம் நாட்டில் மிகப் பலர் வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் இக்கிருமியை எதிர்கொண்டவர்கள். அவர்களுள் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. கிருமி உடலில் உறங்கிக் கிடக்கும். எனவே, எதிர்ப்பொருள் இருப்பது நோய் இருப்பதாகப் பொருள்படாது. மாறாக, நோய் முற்றிய சிலருக்கும் போதிய எதிர்ப்பொருள் காணப்படுவதில்லை.

இத்தகைய இரத்தப் பரிசோதனைகள் நோயற்றவருக்கு நோய் என்றும், நோயுற்றவருக்கு நோயில்லை என்றும் கூறின. ஆகவே, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என 2011ஆம் ஆண்டு உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. 2012ஆம் ஆண்டு இந்திய அரசு அவற்றின் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை ஆகியவற்றைத் தடை செய்தது. எதிர்ப்பொருள் இரத்தப் பரிசோதனையைக் கொண்டு காசநோய் என்று எவரேனும் கூறினால், சளிப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்துமாறு கேட்பது உங்கள் உரிமை.

தோல் பரிசோதனையும் இக்ரா பரிசோதனையும் எதற்காக?

மேண்டு எனப்படும் தோல் பரிசோதனையில், கிருமியிலிருந்து பெறப்பட்ட புரதம் மிகச் சிறிதளவு முன்கையின் தோலுக்குள் செலுத்தப்படும். உடல் இக்கிருமியை முன்னரே அறிந்திருந்தால், வெள்ளணுக்கள் அவ்விடத்தில் கூடித் தோல் தடித்துக்கொள்ளும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அத்தடிப்பை அளக்க வேண்டும். தோல் சிவந்திருப்பதை அளப்பதில்லை. கையால் தடவினால் உணரக்கூடிய தடிப்பையே அளப்பர். எனவே, ஊசி போட்ட இடத்தைச் சொறியாமல், குறித்த நாளில் தவறாது காட்ட வேண்டும். பிசிஜி தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் சில வேளைகளில் தடிப்பு உண்டாகலாம்.

இக்ரா என்பது இரத்தத்தில் செய்யப்படுவது. வெள்ளணுக்களைக் காசநோய்க் கிருமியின் புரதத்துடன் சேர்த்துவைத்து, அவை இன்டர்ஃபெரான் காமா என்னும் பொருளைச் சுரக்கின்றனவா என்று பார்ப்பர். பிசிஜி தடுப்பூசி இம்முடிவைப் பாதிப்பதில்லை.

இவ்விரு பரிசோதனைகளும், "இவரது உடலுக்குள் இக்கிருமி நுழைந்திருக்கிறதா?" என்ற வினாவுக்கே விடை கூறும். "இப்போது நோய் உள்ளதா?" என்பதை அவை கூறமாட்டா. நோயாளியுடன் வசிக்கும் குடும்பத்தினருக்கு, நோய் வராமல் காக்கும் மருந்து தேவையா என முடிவு செய்ய இவை பயன்படுகின்றன.

அறிக்கையை எவ்வாறு படிப்பது?

• நுண்ணோக்கி அறிக்கையில் 1+, 2+, 3+ என்ற குறிகள் கிருமிகளின் அளவைக் காட்டும். 100 பார்வைப் புலங்களில் 1 முதல் 9 வரை கிருமிகள் தெரிந்தால் "ஸ்கேன்ட்டி" என்றும், 10 முதல் 99 வரை தெரிந்தால் 1+ என்றும் குறிப்பர். ஒவ்வொரு புலத்திலும் பத்துக்கு மேல் தெரிந்தால் 3+ ஆகும். "ஸ்கேன்ட்டி" என்றிருப்பதைப் புறக்கணிக்க வேண்டாம். கிருமி இருக்கிறது என்பதே அதன் பொருள்.
• மரபணு அறிக்கையில் கிருமி கண்டறியப்பட்டதா என்பதும், ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உள்ளதா என்பதும் தனித்தனியே இருக்கும். இரண்டையும் பாருங்கள். எதிர்ப்பு உள்ளதெனில் வேறு மருந்து முறை தொடங்கப்படும். அது அச்சப்படத்தக்க தீர்ப்பு அன்று. தகுந்த சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.
• வளர்ப்புச் சோதனை அறிக்கையில் மாதிரி "மாசடைந்தது" என்றிருந்தால், பிற கிருமிகள் வளர்ந்துவிட்டன என்று பொருள். நோய் உண்டு, இல்லை என எதுவும் அதனால் தெரியவராது. புதிய மாதிரி கொடுக்க வேண்டும்.

"கிருமி இல்லை" என்று வந்தால்?

அன்று கொடுத்த மாதிரியில் கிருமி தென்படவில்லை என்பதே அதன் பொருள். அறிகுறிகள் தொடர்ந்தால் மருத்துவரை மீண்டும் காண வேண்டும். மார்பு எக்ஸ்ரேயும் மற்றொரு சளி மாதிரியும் தேவைப்படலாம். சளியைத் துப்ப இயலாத சிறு குழந்தைகளுக்கு, அவர்கள் விழுங்கிய சளியை இரைப்பையிலிருந்து எடுத்துப் பரிசோதிப்பர். கழுத்துக் கட்டி போன்றவற்றில் காசநோய் ஐயம் இருந்தால் திசு எடுக்கப்படும். அத்திசுவின் ஒரு பகுதியை ஃபார்மலினில் இடாமல் உப்பு நீரில் அனுப்ப வேண்டும். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடுவதால் வளர்ப்புச் சோதனை செய்ய இயலாது. அறுவை சிகிச்சைக்கு முன்னரே மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொள்வது பயனுடையது.

நோய் உறுதியானால்?

எச்ஐவி, நீரிழிவு ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் செய்யப்படும். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, உடல் எடை மிகக் குறைந்தவர்கள், மூச்சுத் திணறல் உள்ளவர்கள், துணையின்றி நிற்க இயலாதவர்கள் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டு, மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர்.

ஏனையோர் வீட்டிலிருந்தே குணமடையலாம். 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், வீட்டில் மருந்து உட்கொண்டவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. 1959ஆம் ஆண்டு வெளியான முடிவு, வீட்டுச் சிகிச்சையும் அதற்கு இணையான பயனைத் தருவதைக் காட்டியது. நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை என்பதும் தெரியவந்தது. நோயறியாமல் இருமிக்கொண்டிருந்த காலமே குடும்பத்துக்கு மிகுந்த ஆபத்தான காலம். ஆகவே, நோயாளியை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை; காலத்தே சளியைப் பரிசோதிப்பதே குடும்பத்தைக் காக்கும்.

சிகிச்சையின் இடையிலும் முடிவிலும் மீண்டும் சளி கேட்கப்படும். இருமல் நின்றுவிட்டது என்று தவிர்க்க வேண்டாம். இறந்த கிருமியின் மரபணுவும் சில காலம் சளியில் தங்கியிருக்கும் என்பதால், குணமாவதை அறிய மரபணுப் பரிசோதனை பயன்படாது. நுண்ணோக்கிப் பரிசோதனையும் வளர்ப்புச் சோதனையுமே பயன்படும்.

எங்கே செல்வது?

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகுங்கள். விருதுநகரில் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் உள்ளது. தேசியத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் நிக்‌ஷய் போஷண் திட்டத்தின்கீழ் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. விவரங்களுக்கு 104 அல்லது 1800 11 6666 என்ற கட்டணமில்லா எண்களை அழைக்கலாம்.

இருமல் இரண்டு வாரங்களைக் கடந்துவிட்டதா? காரணம் மருந்துத் தூசியா, காசநோய்க் கிருமியா என்பதை நாளை காலை நீங்கள் கொடுக்கும் ஒரு தேக்கரண்டிச் சளி கூறிவிடும். அதனை நெஞ்சிலிருந்து எடுத்து, அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.